கடைசி ஒரு கஜம்

இப்போதெல்லாம் எவனும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. கைபேசியை எடுத்து, ஏதோ ஒரு பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு, கழிப்பறையில் உட்கார்ந்தபடி திட்டுகிறான். ஆட்டம் பார்க்க வருகிறவனும் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. மைதானத்தில் பையன்கள் எலும்பு முறிய மோதிக்கொண்டிருக்கும்போது இவன் தலையைக் குனிந்துகொண்டு, அதே ஆட்டத்தைப் பற்றி எவனோ எழுதியதைப் படித்துக்கொண்டிருப்பான். நாங்கள் அப்படி இல்லை. ஒரு கோச் பிடிக்கவில்லை என்றால் அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகையை நட்டுவிட்டு வருவோம். மூட்டையைக் கட்டு, ஊரைவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கதவைத் திறந்ததும் அவருக்குப் புரிந்துவிடும். அதில் ஒரு நேர்மை இருந்தது என்றுதான் போன மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வெர்லின் ஹாஸ்கெட். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு உடம்பு ஒத்துழைத்த காலம் முழுக்க இந்த ஊர் தானியக் கிடங்கில் கோதுமைத் தூசியைத் தின்றேன். ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் வகுப்பறைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆனால் அதன் கால்பந்து டீம் என்னுடையது; காலால் உதைப்பது இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற எங்கள் ஊர்க் கால்பந்து. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் கான்சாஸ் காற்று எவ்வளவு அடித்தாலும் அதே மேற்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்காருவேன்.

அந்தச் சனிக்கிழமை தோற்றோம். தோற்றது பரவாயில்லை, தோற்ற விதம்தான் பொறுக்கவில்லை. ஆட்டம் முடிய மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஜெயிப்பு, அதற்கு இன்னும் ஒரே ஒரு கஜம். கடைசி வாய்ப்பு. எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான், கன்றுக்குட்டியைத் தோளில் போட்டு வளர்ந்தவன், தொடை ஒவ்வொன்றும் வேலிக்கம்பம் மாதிரி. பந்தை அவன் வயிற்றில் திணித்துவிட்டு, முன்னால் நிற்கிற ஐந்து தடியன்களும் குனிந்து தள்ளினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பான். விழுந்தாலே போதும். ஆனால் பந்தை மூலைக்கு வீசினார்கள். எதிர் டீம்காரன் ஒருவன் தனக்கே வந்த தபால் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டான். வீசச் சொன்னது தாக்குதல் கோச், பந்து எங்கள் கையில் இருக்கும்போது என்ன ஆடுவது என்று முடிவு செய்கிறவர். லிண்ட் என்று பெயர். இந்த வருடம்தான் எங்கிருந்தோ வந்திருந்தார், பந்தைக் காற்றில் பறக்கவிடுவதுதான் இனி எதிர்காலம் என்று சொல்லிக்கொண்டு.

மறுநாள் காலை, சர்ச்சுக்குப் போகும் முன், டோனட் கடையில் எங்கள் மேசை கூடியது. நான், டாய்ல், ராய்ஸ். டாய்ல் என்னோடு கிடங்கில் வேலை பார்த்தவன், என்னைவிட மோசமான முட்டி. ராய்ஸ் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதை நிறுத்தாதவர். நான்காவது நாற்காலி வெண்டெல் டக்கெட்டினுடையது. கோதுமை அறுப்பு முடிந்த கையோடு அவன் போய்விட்டான். ஈரல் நோய். நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அதில் தொப்பிகளை வைத்தோம்.

மேசையில் சர்க்கரைப் பொட்டலங்கள் எங்கள் பையன்கள். பால் டப்பாக்கள் எதிரிகள். டாய்ல் பால் டப்பாக்களை நடுவில் குவித்து வைத்தான்.

"பாரு. இப்படித்தான் நின்னானுங்க. ஒரு கஜம். என் பொண்டாட்டி குளிர்பெட்டிய தள்ளுற தூரம். ஏன்யா வீசணும்?"

ராய்ஸ் கண்ணாடியை மேலே ஏற்றினார். "நடுவுல அத்தன பேர் குவிஞ்சு நிக்கறப்போ மூலையில ஆள் இல்லன்னு உனக்குத் தெரியலையா? மைதானம் அகலமா இருக்குறது எதுக்கு, டாய்ல்? புல்லு வெட்டவா?"

"முட்டி மோதிப் போறவனுக்குத்தான் கோடு. பயந்தவன்தான் வீசுவான்" என்றேன் நான்.

"நீ இன்னும் ஏர் பூட்டி ஆடணும்னு சொல்றவன்."

"ஏர் பூட்டுனா நேராப் போகும். காத்துல விட்டா மூணுதான் நடக்கும். நம்மாளு பிடிப்பான், இல்ல கீழ விழும், இல்ல எதிராளி பிடிப்பான். மூணுல ரெண்டு நாசம். கணக்கு வாத்தியாருக்கு இது தெரியலையா?"

டாய்ல் சிரித்துச் சிரித்து இருமினான். ராய்ஸ் கைபேசியை எடுத்து ஏதோ சதவீதம் படித்தார். கைபேசியில் வருகிற எண்ணை நான் நம்புவதில்லை. எடை மேடையில் நின்று பழகியவன் நான். முள்ளைக் கண்ணால் பார்த்தால்தான் எடை. வெண்டெல் இருந்திருந்தால் ராய்ஸின் பக்கம் பேசியிருப்பான். நாற்பது ஏக்கர் கோதுமைக்காரன், ஆனால் பந்து பறப்பதைப் பார்க்க அவனுக்குக் குழந்தை மாதிரி ஆசை. அவன் இல்லாததால் அன்று இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் ஜெயித்தோம். அந்த ஜெயிப்பு ஏதோ உப்பில்லாமல் இருந்தது. அதற்கும் லிண்டின் மேல்தான் கோபம் வந்தது.

ராய்ஸ் எழுந்து போனதும் டாய்ல் என் பக்கம் சாய்ந்தான். "வண்டியில ஒரு பலகை கெடக்கு. இரும்புக் கடையில வாங்கினது. நட்டுடுவோமா?"

எல்லோரும் சர்ச்சில் இருக்கும்போது நடுவது என்று முடிவாயிற்று. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது நாங்கள் பின் கதவு வழியாக நழுவினோம். லிண்ட் மேப்பிள் தெருவில் வாடகைக்கு இருக்கிறார் என்பது தெரியும். எந்த வீடு என்று தெரியாது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் டீம் கொடி பறக்கும், கொடியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில் கோச்சுகளுக்கெல்லாம் கார் கடைக்காரர் ஓட்டுவதற்கு ஒரு கார் கொடுத்து வைப்பார், நம்பர் பலகையைச் சுற்றிக் கடையின் பெயரோடு. வெள்ளை நிறம், பெரிய கார். அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அதுதான் கோச் வீடு. ஊரில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். செங்கல் நிறத்தில் ஒரு சின்ன வீடு, வாசலில் அந்தக் கார். டாய்ல் வண்டியை ஓட விட்டபடி உட்கார்ந்திருந்தான். நான் இறங்கி, பலகையின் கால்களைப் புல்லில் ஊன்றி பூட்ஸால் மிதித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ். மண் ஈரமாக இருந்தது, சுலபமாக இறங்கியது. பலகையில் தொலைபேசி எண் எழுத இடம் விட்டிருந்தது. அதை அப்படியே காலியாக விட்டோம். ஜன்னலில் திரை அசைந்த மாதிரி இருந்தது. ஓடினேன். என் வயதில் ஓடினேன்.

இரண்டு மூன்று நாள் காத்திருந்தோம். ஊரில் பேச்சு கிளம்பும், கேட்டுச் சிரிக்கலாம் என்று. ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு காலையில் ராய்ஸ் வந்து தொப்பியைக் கழற்றி, வெண்டெலின் நாற்காலியில் வைக்கப் போனவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நோரீனப் பத்திக் கேள்விப்பட்டீங்களா?"

நோரீன் வெண்டெலின் மனைவி. வசந்தத்தில் அவர்கள் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார்கள், ஆஸ்பத்திரி பக்கம் என்பதால்.

"அந்தப் பையன் கர்ட் இருக்கான்ல, விச்சிட்டா நகரத்துல. அப்பா போனதும் வீட்ட வித்துட்டு எங்கூட வந்துடும்மான்னு நச்சரிச்சுக்கிட்டு இருந்தானாம். இவங்க மாட்டேன்னுட்டாங்க. போன ஞாயித்துக்கிழம அவங்கள கேக்காமலே வாசல்ல விற்பனைப் பலகை நட்டு வச்சிருக்கான். நன்றித் திருநாள் குடும்ப விருந்துக்குக்கூட இந்தப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டாங்களாம். அவனும் வரலேன்னுட்டான். புருஷன் செத்த வருஷம், ஒத்த மகன்."

"எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

"மேப்பிள். செங்கல் கலர் வீடு. ஏன், நீ போனதே இல்லையா?"

போனதே இல்லை. வெண்டெல் படுத்தபோது போகவில்லை. அவன் டோனட் கடைக்கு வருவதை நிறுத்திய பிறகு, எழுந்து வரட்டும், வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடக்கத்தின்போது சர்ச் படியில் நோரீனின் கையைப் பிடித்து, வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். எல்லோரும் சொல்வதுதான். அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போன ஒரே நாள், பலகை நட்ட நாள். டாய்ல் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக் காபியில் கொட்டினான், ஏற்கனவே போட்டாயிற்று என்பதை மறந்து.

ராய்ஸ் போனதும் டாய்ல் சொன்னான், "வாய மூடிக்க. குடும்பச் சண்டை. தானா ஆறிடும்."

"அவன் நடலையே, டாய்ல்."

"அப்போ நடலேன்னு அவனே சொல்லிக்குவான். நமக்கென்ன? இந்தக் கத வெளிய வந்தா செத்தவன் வீட்டுல பலகை நட்டவனுங்கன்னு நம்ம கல்லறை வரைக்கும் பேசுவானுங்க."

அவன் சொன்னது சரிதான். அதனால்தான் மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் எதுவும் செய்யவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

சனிக்கிழமை, மத்தியானம் ஆட்டம். காலையில் டீம் சட்டையைப் போட்டேன். கழற்றினேன். சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு மேப்பிள் தெருவுக்கு நடந்தேன். வண்டியில் போனால் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன், என்மேலேயே எனக்கு நம்பிக்கையில்லை. வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. மறுபடியும். அப்போதுதான் உறைத்தது, அன்றைக்கும் அதில் யாரோ நோரீனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று.

கதவைத் திறந்தது இளம் பெண் ஒருத்தி. கையில் துவாலை. ஈரத் தட்டு. வெளியூர் ஆட்டங்களின்போது தொலைக்காட்சியில் அவளைப் பார்த்திருக்கிறேன். லிண்டின் மனைவி. கரீன் என்று பெயர் என்று பிறகு தெரிந்தது. உள்ளேயிருந்து நோரீனின் குரல்: "யாரு?"

"வெர்லின்" என்றேன்.

"அடேயப்பா. வழி தெரிஞ்சுதா? உள்ள வாங்க."

நோரீன் என்னைச் சமையலறை மேசை முன் உட்கார வைத்தாள். மேசையின் ஓரத்தில் வெண்டெலின் மாத்திரைப் புட்டிகள் இன்னும் வரிசையாக நின்றன. ஆரஞ்சு நிறப் புட்டிகள், வெள்ளை மூடி. நோரீன் இளைத்திருந்தாள். கரீன் அடுப்படிக்குத் திரும்பி தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். தன் வீட்டில் துடைப்பது மாதிரி, எந்தத் தட்டு எங்கே போகும் என்று தெரிந்து அடுக்கினாள். ஊர்க்காரர்கள் முறைப்பதால் தோற்ற வாரங்களில் அவள் சர்ச்சுக்குப் போவதில்லையாம். அந்த நேரத்தில் தெருவின் மறுகோடியிலிருக்கும் தன் வீட்டிலிருந்து காரில் இங்கே வந்து உட்கார ஆரம்பித்தாளாம், இப்போது மற்ற நாட்களிலும் வருகிறாளாம். நோரீன் அதை ஏதோ வானிலை சொல்வது மாதிரி சொன்னாள். நான் வாசலைப் பார்த்தேன்.

"அந்தப் பலகைய நட்டது நான்தான், நோரீன்."

நோரீன் என்னைப் பார்த்தாள். "நீங்களா? எதுக்கு? கர்ட் சொல்லி நட்டீங்களா?"

"கர்ட்டுக்குத் தெரியாது."

"பின்ன என் வீட்ட நீங்க எதுக்கு விக்கணும்?"

"உங்க வீடுன்னு நினைக்கல."

என் கண் போகக் கூடாத இடத்துக்குப் போனது, ஜன்னலுக்கு வெளியே அந்தக் காருக்கு. துவாலை நின்றது. நோரீனுக்கு முன்னால் கரீனுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீடுன்னு நினைச்சு நட்டிருக்காரு" என்றாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. தட்டை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "போன ஊர்லயும் நட்டாங்க. அதுக்கு முந்தின ஊர்லயும். போன ஊர்ல என் பொண்ணுக்கு அப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருந்துச்சு. வாசல்ல நின்னு அதப் படிச்சுட்டு, உள்ள போயி பொம்மையெல்லாம் பெட்டியில கட்டி வாசல்ல கொண்டாந்து வச்சுட்டா. லாரி எப்ப வரும்மான்னு கேட்டா." அவள் சின்னதாகச் சிரித்தாள். "இந்தத் தடவ ஒண்ணும் வரலையே, நல்ல ஊருன்னு நினைச்சேன்."

கிடங்கில் ஒருமுறை தானியச் சரிவில் இடுப்புவரை புதைந்திருக்கிறேன். அசைந்தால் இன்னும் உள்ளே போகும். அப்படி உட்கார்ந்திருந்தேன்.

நோரீன் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தி என் கையில் கொடுத்தாள். "அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க."

கர்ட் எடுத்தான். சிறு வயதில் வெண்டெலோடு கிடங்குக்கு வந்து எடை மேடையில் ஏறிக் குதிப்பான். சொன்னேன். டாய்லின் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரை மட்டும் சொன்னேன்.

"வெர்லின் மாமா, அம்மா ஃபோன் பண்ணி நீதானே நட்டேன்னு கேட்டப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமா, நான்தான், இப்ப அதுக்கென்னன்னு சொன்னேன்."

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

"கேக்கவே இல்லையே. யாருடா நட்டதுன்னு ஒரு வார்த்த கேக்கல. எடுத்ததுமே நீதானேன்னாங்க. என்னப் பத்தி அப்படித்தான் நினைச்சிருக்காங்கன்னா, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க வந்து நான் இல்லேன்னு சொல்றீங்க. நான் இல்லேன்னா மட்டும்? அவங்க நினைச்சது நினைச்சதுதானே."

"அம்மாகிட்ட தரேன். பேசு."

"ஆட்டத்துக்குக் கெளம்பலையா நீங்க?" என்று கேட்டான். தொலைபேசியை நோரீனிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பேசாமல், சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவனும் பேசவில்லை போலிருந்தது. ஆனால் இரண்டு பேரும் வைக்கவில்லை. பிறகு அவள் கம்பியில்லாத அந்தத் தொலைபேசியோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பேச்சுக் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். என் காது அவ்வளவு நல்ல காது இல்லை.

நானும் கரீனும் தனியாக இருந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கடைசி ஒரு கஜத்துல ஏம்மா வீசினாரு?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் துவாலையைக் கீழே வைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, வெண்டெலின் மாத்திரைப் புட்டிகளை இழுத்து நடுவில் நெருக்கமாக வைத்தாள். ஒன்றை மட்டும் மேசையின் மூலைக்குத் தள்ளினாள்.

"எல்லாரும் இங்க. இவன் மட்டும் தனியா. எங்க வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் உப்பு டப்பாவ வச்சு இதத்தான் காட்டிக்கிட்டு இருந்தாரு. வீசினது சரி. பந்து ஈரம், வீசின பையன் கையில வழுக்கிடுச்சு."

"ஈரப் பந்துன்னா ஓடத்தானே செய்யணும்" என்றேன்.

மூலையில் தனியாக நின்ற புட்டியை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள், வெண்டெலின் பெயர் வெளியே தெரிகிற மாதிரி. மன்னிச்சுக்கம்மா என்றேன், புட்டிகளைப் பார்த்து. தலையசைத்தாள். மன்னித்தாளா, போ என்றாளா, தெரியாது.

பலகை கராஜில் சுவரில் சாய்ந்திருந்தது. நோரீன் தானே பிடுங்கியிருக்கிறாள், தன் வயதில். நான் எடுத்துக்கொண்டேன். வெளியே புல்லில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. பூட்ஸால் மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே மூடியது, மிதித்தால் உள்ளே இறங்கியது. படுக்கையறை ஜன்னல் பக்கம் போய் நின்று கேட்கலாமா என்று தோன்றியது. அதற்கு மட்டும் என்ன உரிமை என்று கிளம்பினேன்.

தெரு முழுக்க டீம் சட்டைகள். மைதானத்தை நோக்கிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. இறைச்சி வாட்டும் புகை. நான் எதிர்த் திசையில், கையில் 'வீடு விற்பனைக்கு'. முதலில் ஒருவன் பார்த்துவிட்டுக் கை தட்டினான்.

"வெர்லின்! சரியான ஆள்யா நீ! லிண்ட் வீட்டுக்கா?"

இன்னொருவன் தன் மனைவியிடம் காட்டி, "இவருதான் பழைய ஆளு, முகத்துக்கு நேரா செய்யுறவரு" என்றான். யாரோ கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். "பந்தத் தூக்கிட்டு ஓடுங்கடா!" என்று ஒரு கூட்டம் கத்த ஆரம்பித்தது. எனக்காகக் கத்தினார்கள். நாற்பது வருடமாக நான் கத்தியதைத்தான் கத்தினார்கள். பலகையைத் திருப்பி எழுத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். அது அகலமாக இருந்தது. காற்று அதைப் பிடித்து என்னைப் பின்னால் தள்ளியது. தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்து, முட்டிக்கொண்டு நடந்தேன்.

அவள் புட்டிகளை வைத்துக் காட்டியது கண்ணுக்குள் நின்றது. மூலையில் ஆள் தனியாகத்தான் நின்றான். நானும்தான் பார்த்தேன், மேற்குப் பக்கத்து பெஞ்சிலிருந்து. இருந்தாலும் ஒரு கஜம். ஒரே ஒரு கஜம். தள்ளியிருக்கலாம்.

பின்னால் மைதானத்தில் முரசு ஆரம்பித்தது. நான் திரும்பவில்லை.